கரையொதுங்கிய சில்லு விதை: முளைக்குமா, எதற்கு ஆகும்?

தாமான்வீடு · சனி, காலை 9.12

பெனாங்குத் தீவில் பத்து ஃபெரிங்கிக் கடற்கரைப் பக்கம் கரையொதுங்கிய விதைகள் ஆறு கையில் இருக்கின்றன. தட்டை வட்டம். குறுக்களவு 4.5 முதல் 5 செ.மீ., கனம் ஏறக்குறைய 1.5 செ.மீ. நிறம் வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி. துணியால் துடைத்தாலே பளபளக்கிறது. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் சிறிய வடு.

மூன்று நாளாகத் தண்ணீரில் கிடக்கின்றன. ஆறும் மிதக்கின்றன, ஒன்றுகூட உப்பவில்லை. மிதப்பதெல்லாம் பதர் என்பார்களே, அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? இது கழற்சிக்காயில் பெரிய சாதியா? அப்படியென்றால் உடைத்துப் பொடியாக்கிக் கழற்சிப் பொடிக்குப் பதிலாகச் சாப்பிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.


கடலோரம் · சனி, காலை 9.40

முதலில் கடைசிக் கேள்வி. சாப்பிடக் கூடாது. அது கழற்சி இல்லை. விவரத்தை மருந்து தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள், அதுவரை வீட்டில் யாரும் உடைக்க வேண்டாம்.

நீங்கள் சொல்கிற அளவும் வடிவமும் எண்டாடா பேரினத்து விதைக்குப் பொருந்துகிறது. தமிழில் சில்லு, சில்லுக்கொடி என்பது இதுதான். (வட்டமாகத் தட்டையாக எது இருந்தாலும் நம் வாயில் சில்லு என்றுதான் வரும், பாண்டி ஆடுகிற ஓட்டுச்சில்லு உட்பட.) மலாய்க்காரர்கள் பெலுரு என்பார்கள், சிந்தோக் என்றும் சொல்வது உண்டு. காடுகளில் பெரிய மரங்களைப் பிடித்து உச்சி வரை ஏறும் கொடி. அடித்தண்டு தொடை கனத்துக்குப் பருக்கும்.

இங்கே கரையில் கிடைப்பவற்றில் குழப்புகிறவை மூன்று. பிரிப்பது சுலபம்:

சில்லு: 4 முதல் 6 செ.மீ., தட்டை, செம்பழுப்பு, வடு சிறியது.

முக்குனா: 2 முதல் 3 செ.மீ. விளிம்பைச் சுற்றி முக்கால் வட்டத்துக்குக் கறுப்புப் பட்டை ஓடும். நம் பூனைக்காலிக்கு உறவு.

கழற்சி: கோலிக்குண்டு அளவு, 2 செ.மீ.க்குள். சாம்பல் நிறம், உருண்டை, மேலே நகத்தால் கீறின மாதிரி மெல்லிய வளையக் கோடுகள். காதருகே குலுக்கினால் பழைய காய்களில் உள்ளே பருப்பு தட்டும்.

எண்டாடாவில் எந்த இனம் என்பதை விதையை மட்டும் வைத்துச் சொல்ல நான் துணிய மாட்டேன். காய் வேண்டும். காய் திருகுசுருள் போல முறுக்கியிருந்தால் ஸ்பைராலிஸ். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் 1888 முதல் 1911 வரை இயக்குநராக இருந்த ரிட்லி பெயரிட்ட இனம் அது. நீண்ட பட்டைக் காயாக இருந்தால் ரீடியை அல்லது ஃபேசியோலாய்டிஸ் பக்கம் போக வேண்டும். ரீடியை என்ற பெயர், மலபாரின் டச்சு ஆளுநராக இருந்து அந்த மண்ணின் செடிகளை வரையச் செய்து பதிப்பித்த ரீடே நினைவாக வைத்தது.

இன்னொன்று. முக்கா ஹெட், கெராச்சுட் பக்கமெல்லாம் தேசியப் பூங்கா. அங்கே அனுமதியில்லாமல் எதையும் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். திறந்த கடற்கரையில் கிடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


கொடிமலை · சனி, காலை 10.25

பதர் கணக்கு நெல்லுக்குச் சரி. இங்கே தலைகீழ். சில்லு விதையை உடைத்துப் பார்த்தால் இரண்டு பருப்புக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். விதை முற்றிக் காயும்போது பருப்புகள் சுருங்கி, நடுவில் விலகுவதால் வருவது. அந்தக் காற்றுப் பைதான் மிதப்பு. நல்ல விதை மிதப்பதே வழக்கம். மிதக்காதது கெட்டது என்றும் சொல்ல முடியாது, வெற்றிடம் சிறியதாக அமைந்த விதை முழுகும். ஆகவே மிதப்பைப் பார்த்துத் தரம் பிரிக்கவே பிரிக்காதீர்கள். காது கொடுத்துக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் சளசளத்தால் ஓட்டில் விரிசல் விழுந்து கடல்நீர் இறங்கிவிட்டது. அது மட்டும்தான் குப்பைக்கு.

உப்பாததற்குக் காரணம் ஓடு. வெளி அடுக்கு நெருக்கி அடுக்கிய தூண் போன்ற உயிரணுக்களால் ஆனது, சொட்டுத் தண்ணீர் போகாது. மாதக்கணக்கில் கடலில் கிடந்தும் போகாத தண்ணீர் உங்கள் வாளியில் மூன்று நாளில் போகுமா? அரம் எடுக்க வேண்டும்.

செய்முறை:

முதலில் வடுவைக் கண்டுபிடியுங்கள். காயோடு ஒட்டியிருந்த இடம் அது. முளைவேர் அதன் அருகில்தான் உறங்குகிறது. அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. பாதிப் பேர் வடுவை ஏதோ பலவீனமான இடம் என்று நினைத்து அங்கேயே அறுத்துவிட்டு, அழுகிப்போனது என்பார்கள்.

வடுவுக்கு நேர் எதிர் விளிம்பு. அதிலும் சரியாக விளிம்பின் நடுக்கோட்டில் வேண்டாம், அங்கே தேய்த்தால் இரண்டு பருப்பின் பொருத்துவாய் திறந்து தண்ணீர் நேரே வெற்றிடத்துக்குள் போய்த் தேங்கும். விளிம்பிலிருந்து தட்டைப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து, ஒரு பருப்பின் முதுகில் படும்படி தேயுங்கள்.

கருவி: முக்கோண அரம், அல்லது 80 ஆம் எண் உப்புத்தாள் ஒட்டிய பலகைத் துண்டு. மின்சார அரைப்பான் வேண்டாம், சூட்டில் பருப்பு வெந்துபோகும். விதையை வெறுங்கையில் பிடித்தால் வழுக்கும், பழைய சைக்கிள் டியூப்பில் சுற்றிப் பிடியுங்கள். மூக்கில் துணி கட்டுங்கள்.

தேய்க்கத் தேய்க்க நிறம் மாறுவதைப் பாருங்கள். முதலில் பளபளப்பு போய் மங்கல் பழுப்பு. பிறகு கறுப்பு கலந்த பழுப்பு, இங்கே அரம் வழுக்குவது போல இருக்கும், இதுதான் கெட்டி அடுக்கு. அதைத் தாண்டினால் தூளின் நிறம் வெளிறும். கடைசியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு புள்ளி எட்டிப் பார்க்கும். அதுதான் பருப்பு. புள்ளி பச்சரிசி அளவுக்கு வந்ததும் அரத்தைக் கீழே வையுங்கள். அதற்கு மேல் திறப்பது பூசணத்துக்கு வாசல் வைப்பது.

ஒரு விதைக்குப் பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் ஆகும். பிறகு சாதாரணத் தண்ணீரில் 24 மணி நேரம். தண்ணீரில் நுரை கட்டும், பயப்பட வேண்டாம், அது விதையின் சப்போனின், சோப்பு மாதிரி நுரைக்கிற பொருள். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள். 24 மணியில் உப்பாவிட்டால் புள்ளி போதவில்லை என்று பொருள், இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுபடி ஊறப் போடுங்கள். உப்பியதும் உடனே எடுத்து நடுங்கள். உப்பிய விதை தண்ணீரிலேயே இரண்டு நாள் கிடந்தால் மூச்சடைத்துச் செத்துவிடும்.


தாமான்வீடு · சனி, காலை 10.51

நன்றி அண்ணே. கொதிநீர் ஊற்றினால் ஓடு விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே? அரம் தேய்க்க நேரம் பிடிக்கிறது.


கொடிமலை · சனி, காலை 11.03

சவுண்டல், வேல மர விதை போன்ற பொடி விதைகளுக்குக் கொதிநீர் சரி. ஓடு மெல்லியது, சூட்டில் வெடிப்பு விழும், நூறில் பத்து வெந்தாலும் மிச்சம் தொண்ணூறு இருக்கும். உங்களிடம் இருப்பது ஆறு. இந்த ஓட்டைக் கொதிநீர் திறப்பது நிச்சயமில்லை, திறக்கிற அளவுக்கு விட்டால் உள்ளே பருப்பும் வேகும். சுத்தியலும் வேண்டாம். அரமே போதும். நேரம் பிடித்தால் பிடிக்கட்டும்.


பாலிக்புலாவ் தோட்டம் · சனி, மதியம் 1.30

நடவு பற்றி.

தொட்டி ஆழம் குறைந்தது 30 செ.மீ. ஆணிவேர் நேரே இறங்கும், தயிர் டப்பாவில் போட்டால் அடியில் சுருண்டு முடிச்சாகிவிடும். தோட்டமண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு. உரம் எதுவும் கலக்க வேண்டாம். இது அவரைக் குடும்பம், வேர்முடிச்சு கட்டித் தழைச்சத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், போதாததற்கு விதையிலேயே ஆறு மாதச் சோறு இருக்கிறது.

விதையைப் படுக்க வைக்காதீர்கள். நாணயத்தை நிறுத்துவது போல விளிம்பில் நிறுத்தி, வடு கீழே மண்ணுக்குள் இருக்கும்படி, மேல் விளிம்பு மண் மட்டத்தில் தெரிகிற மாதிரி வையுங்கள். முழுசாகப் புதைத்தால் நம் ஊர் மழைக்கு அழுகும். அரம் தேய்த்த இடம் மேலே வரட்டும், ஈரமண்ணில் புதைய வேண்டாம்.

ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் வேர் விடும். பருப்புகள் மேலே வராது, மண்ணிலேயே கிடக்கும். பிறகு வருவது ஒரு தண்டு மட்டும், இலை இல்லாமல், கரண்டிக் காம்பு மாதிரி விறுவிறுவென்று ஏறும். இலை வரவில்லையே என்று கவலை வேண்டாம், முதலில் ஏற இடம் தேடும், அப்புறம்தான் இலை. முளைத்த அன்றே ஒரு மீட்டர் கழி நட்டுவிடுங்கள்.

ஆப்பிரிக்க நத்தை இந்தக் குருத்தை விடாது. தின்றுவிட்டாலும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், தண்டில் செதில் போல இருக்கிற இடுக்குகளிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

இப்போது கசப்பான விஷயம். உங்கள் பெயரே தாமான்வீடு, அதாவது குடியிருப்புப் பேட்டை வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லிங்க் வீட்டுப் பின்கட்டில் இதைத் தரையில் நடாதீர்கள். இலைக்காம்பின் நுனி இரட்டைப் பற்றுக்கம்பியாகப் பிரிந்து எதையும் பிடிக்கும். ரம்புத்தான், மாமரம் எதுவானாலும் சில வருடத்தில் தலைமேல் கூடாரம் போட்டு வெயிலை மறைத்துவிடும். பிறகு கூரைத் தண்ணீர்க்குழாய், மின்கம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாக வரும். பூவும் காயும் வேண்டுமென்றால் பல வருடம் காத்திருக்க வேண்டும், பெரிய மரமும் வேண்டும். டூரியான் தோட்டத்து ஓரத்தில், காசுக்கு ஆகாத ஒரு முதிர்ந்த மரம் இருந்தால் அதன் நிழல் பக்கம் நடலாம். வேர் நிழலில், தலை வெயிலில்.

தொட்டியிலேயே வைத்து வெட்டி வெட்டி வளர்ப்பது முடியும். ஆனால் அது இலைச்செடிதான், காய் கனவு வேண்டாம்.


நாட்டுமருந்து · சனி, மாலை 4.15

கழற்சிக் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

கழற்சி என்பது கில்லாண்டினா போண்டக். பழைய பெயர் சிசால்பினியா போண்டக். அதுவும் கொடி மாதிரி படர்வது, அதுவும் கடலில் மிதப்பது, அதுவும் அவரைக் குடும்பம். ஒற்றுமை அங்கே முடிந்தது. சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கும் விரைவீக்கத்துக்கும் சொல்லியிருப்பது கழற்சிப் பருப்பு. இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது வெளிப்பிரயோகம். சில்லு விதைக்கு அந்த இடம் கிடையாது. சில்லுப் பருப்பில் சப்போனின் அதிகம், பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும். உலகில் சில இடங்களில் வறுத்து, நறுக்கி, நீண்ட நேரம் ஊறவிட்டுத் தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்துத் தின்கிறார்கள் என்பது உண்மை. அது தலைமுறையாகக் கை பழகியவர்கள் செய்வது. பெனாங்கு அடுக்களையில் சோதனை வேண்டாம்.

இப்போது இணையத்தில் ஓடுகிற விஷயம்: பெண்களின் சினைப்பை நீர்க்கட்டிக்கு வெறும் வயிற்றில் ஒரு கழற்சிக்காய், ஐந்து மிளகு. கேட்காமலே எல்லாரும் சாப்பிடுகிறார்கள். கழற்சி சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. நீரிழிவு மாத்திரை, அதிலும் நீர்க்கட்டிக்காகவே கொடுக்கிற மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று பார்க்க ஆள் வேண்டும். கருத்தரிக்க முயல்கிறவர்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். விரைவீக்கம் என்று நினைப்பது குடலிறக்கமாக இருக்கலாம், அதற்கு இலை கட்டிக்கொண்டு நாள் கடத்தினால் குடல் சிக்கி அவசர அறுவை வரை போகும். முதலில் மருத்துவரிடம் காட்டி என்ன வீக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள், பிறகு சித்த மருத்துவர் அளவு சொல்லட்டும்.

லிட்டில் இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு: பொடியாக வாங்காமல் முழுக் காயாக வாங்குங்கள். பொடியில் ஓடும் அரைபட்டிருந்தால் தெரியாது. தடித்த துணியில் சுற்றிக் கல்மேல் வைத்து ஒரே தட்டு. துணி இல்லாமல் தட்டினால் ஓட்டுச் சில் கண்ணுக்குப் பறக்கும். பருப்பு வெளிர் மஞ்சளாக, இறுக்கமாக இருக்க வேண்டும். கறுத்தது, பூசண வாடை அடிப்பது, நொறுங்குவது எல்லாம் தள்ளுபடி. நாக்கில் தொட்டால் கசப்பு அன்று முழுக்க நிற்கும், கசக்காத பருப்பு பழையது அல்லது வேறு ஏதோ.


தாமான்வீடு · சனி, மாலை 4.44

புரிந்தது அக்கா. உடைக்கவில்லை. பெலுரு தலைக்குத் தேய்க்கிறது என்று பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) சொன்னார். அதாவது உண்மையா?


வேலிப்பயிர் · சனி, இரவு 8.20

உண்மை. ஆனால் விதை இல்லை, தண்டும் பட்டையும். நம் சீயக்காய்கூட ஒரு முள்கொடியின் காய்தான், இரண்டும் தொட்டாற்சிணுங்கி வழிச் சொந்தம். இரண்டிலும் நுரை தருவது சப்போனின். பிலிப்பைன்ஸில் இதே பேரினத்துக் கொடியை கூகோ என்று தலைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

செய்கிற விதம்: கட்டைவிரல் கனத்துக்கு மேல் உள்ள தண்டு. சிறு கொடியில் நுரை போதாது. ஒரு சாண் துண்டாக வெட்டி, பாராங் (வெட்டரிவாள்) முதுகால் கல்மேல் வைத்து நார் பிரியும் வரை தட்ட வேண்டும். பச்சையாகவே பயன்படுத்தலாம். சேர்த்து வைக்க வேண்டுமானால் நார்களைப் பிரித்து நிழலில் காய வையுங்கள், மழைக்காலத்தில் நான்கைந்து நாள் ஆகும். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பச்சைப் பூசணம்.

ஒரு தலைக்கு: கைப்பிடி காய்ந்த நார், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 15 நிமிடம் ஊறல். பிறகு தண்ணீருக்குள்ளேயே துணி துவைக்கிற மாதிரி கசக்குங்கள். நுரை எழும், தண்ணீர் இளம் தேநீர் நிறத்துக்கு வரும். கட்டாயம் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், நார்த்துணுக்கு தலையில் மாட்டினால் இரண்டு நாள் அரிக்கும். எண்ணெய் தேய்த்த தலையில் ஊற்றித் தேய்த்து, மூன்று நிமிடத்துக்குள் அலசிவிடுங்கள். கண்ணில் பட்டால் சீயக்காயைவிட அதிகமாக எரியும். குழந்தைகளுக்கு வேண்டாம். முதல் தடவை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள்.

தலைக்குக் கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் புளித்து நாறும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் நுரை குறையும்.


கடலோரம் · சனி, இரவு 8.47

இதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தத் தண்ணீரை மீன் தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள், மீன் இருக்கிற வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். சப்போனின் செவுள் வழியாக ரத்தத்தில் போய்ச் சிவப்பணுவை உடைக்கும், மீன் மேலே வந்து வாய் பிளக்கும். மனிதர் தோலுக்குச் சோப்பு, மீனுக்கு விஷம். இந்தக் கொடியைப் பல நாடுகளில் மீன் பிடிக்கவே ஆற்றில் இடித்துப் போட்டிருக்கிறார்கள். ஊறவைத்த விதைத் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை.


வேலிப்பயிர் · சனி, இரவு 8.55

சரிதான். வாழைக்கன்றுக்கு ஊற்றுங்கள், தீர்ந்தது.


மரவேலை · ஞாயிறு, காலை 7.30

முளைக்க வைக்க விருப்பமில்லாத விதைகளை வீணாக்காதீர்கள். இந்த ஓட்டுக்கு இணையான மெருகு எந்த வார்னிஷும் தராது.

பழைய பல்துலக்கியால் மணலைப் போக்குங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், திடீர்ச் சூட்டில் ஓடு விளிம்போடு பிளக்கும். நிழலில் ஒரு வாரம். கீறல் இருந்தால் 400, 800, 1500 என்று ஈரத்தோடு உப்புத்தாள். 400க்குக் கீழே போகாதீர்கள், பளபளப்பு அடுக்கு மெல்லியது, தாண்டினால் மங்கல் பழுப்பு வந்துவிடும், திருப்ப முடியாது. பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், பழைய பருத்தி வேட்டித் துண்டு. மெருகுக்கு அதுவே அதிகம்.

பதக்கத்துக்குத் துளை: விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே, 2 மி.மீ. துளையலகு, மெதுவான சுற்று. வேகம் கூடினால் உள்ளே பருப்பு கருகி எண்ணெய் வாடை வரும். துளையிட்டபின் பருப்பில் பூச்சி இறங்கும், துளையின் உள்சுவரில் ஒரு துளி பசை விட்டு அடைத்துவிடுங்கள். சின்னப் பெட்டி செய்ய வேண்டுமானால் மெல்லிய ரம்பத்தால் விளிம்பைச் சுற்றி அறுத்து, பருப்பைக் கரண்டியால் தோண்டி எடுத்து, கீல் வைக்கலாம். ஐரோப்பாவில் மூக்குப்பொடி டப்பா அப்படித்தான் செய்தார்கள். நார்வேக் கரைக்கு அட்லாண்டிக் வழியாகப் போய்ச் சேர்ந்த இதய வடிவ எண்டாடாவைப் பிரசவத் தாயத்தாகவும் வைத்திருந்தார்கள். குழந்தை கடிக்கிற பொம்மையாக மட்டும் கொடுக்காதீர்கள், அதுவும் ஒரு காலத்தில் பழக்கம்தான்.


அஞ்சல்பை · ஞாயிறு, காலை 9.05

இது இந்தியாவிலிருந்து மிதந்து வந்திருக்குமோ? தாத்தா கப்பலில் வந்த அதே வழியில், என்ன அழகு.


கடலோரம் · ஞாயிறு, காலை 9.38

அழகைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். மலாக்கா நீரிணையில் மேல்நீர் வருடத்தின் பெரும்பகுதி வடமேற்காக, அந்தமான் கடலை நோக்கித்தான் ஓடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இன்னும் வேகமாக. இந்தியாவிலிருந்து இங்கே வருவதைவிட இங்கிருந்து அந்தப் பக்கம் போவதுதான் சுலபம். பத்து ஃபெரிங்கியில் கிடைக்கும் விதை பேராக், கெடா ஆற்றிலோ, சுமத்திரா ஆற்றிலோ, இந்தத் தீவின் ஓடையிலோ இறங்கியதாக இருக்கலாம். பக்கத்து ஓடையானால் ஒரு வாரப் பயணம்.

எவ்வளவு நாள் மிதந்தது என்று சுமாராகச் சொல்ல ஒரு வழி உண்டு. விதைமேல் வாத்துக்கழுத்துக் கொட்டலசு (மிதப்பவற்றில் ஒட்டி வாழும் ஓட்டுடலி) ஒட்டிய வெள்ளை வட்டமோ, பாசிப்பூச்சி (கூட்டமாகப் படரும் நுண்ணிய கடலுயிர்) வலைப்பின்னலோ இருந்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கடலில் இருந்தது. கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தால் புதிது.

காய் எப்படி விதையை விடுகிறது என்பதும் பார்க்க வேண்டியது. நீளம் ஒரு மீட்டர் வரை போகும் பட்டைக்காய். முற்றியதும் மேல்தோல் உரியும். பிறகு ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றிய காகிதம் போன்ற உறையோடு தனித்தனிக் கட்டமாகக் கழன்று விழும். மரத்தில் மிச்சம் நிற்பது காயின் இரண்டு ஓர நரம்பு மட்டும், கண்ணாடி விழுந்துபோன சன்னல் சட்டம் மாதிரி. காட்டில் அந்தச் சட்டத்தைப் பார்த்தால் கீழே தேடுங்கள்.


சொங்காக் · ஞாயிறு, காலை 11.20

கழற்சி பேச்சு வந்ததால்: சங்கப் பாடல்களில் பெண்கள் ஆடுகிற கழங்கும், வேலன் குறி பார்க்க உருட்டுகிற கழங்கும் இந்தக் காய்தான். மலாய்க்காரர்கள் இதையே கோரெக் என்று சொங்காக் (மலாய்ப் பல்லாங்குழி) பலகையில் போடுகிறார்கள். பக்கத்துக்கு ஏழு வீடு, வீட்டுக்கு ஏழு காய், மொத்தம் 98 வேண்டும். பல்லாங்குழிக்கு 14 குழியிலும் ஐந்தைந்து போட்டால் 70. பிளாஸ்டிக் முத்தைவிட இது நல்லது. கையில் கனம் தெரியும், மரக்குழியில் விழும்போது சத்தம் வரும், எண்ணாமலே எத்தனை விழுந்தது என்று காது சொல்லும்.

சேர்க்கும்போது ஒரே அளவாகப் பொறுக்குங்கள். பெரியதும் சின்னதும் கலந்தால் அள்ளுகிற கையில் எண்ணிக்கை தப்பும்.


வேலிப்பயிர் · ஞாயிறு, மதியம் 12.10

98 காய்க்கு ஒரே புதர் போதும். கழற்சியை வேலியில் நடுவதுதான் அதற்கு ஏற்ற வேலை. அரம் தேய்த்து 24 முதல் 48 மணி ஊறல், 2 செ.மீ. ஆழம், இரண்டு மூன்று வாரத்தில் முளை. உப்புக்காற்று, மணல் எதுவும் பொருட்டில்லை. 1.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஆடுமாடு நுழையாத வேலி. ஆனால் இலைக்காம்பின் அடிப்பக்கமும் கொக்கி முள், காய் முழுக்க ஊசி. முள் எல்லாம் பின்நோக்கி வளைந்திருக்கும், சட்டை மாட்டினால் இழுக்காதீர்கள், உள்நோக்கித் தள்ளிக் கழற்றுங்கள். நடைபாதை ஓரம் நடாதீர்கள். கவாத்துக்குத் தோல் கையுறை, நீளக் கைப்பிடிக் கத்தரி. வெட்டியதை அன்றே அகற்றுங்கள், காய்ந்த முள் செருப்பைத் துளைக்கும்.


தாமான்வீடு · இருபது நாள் கழித்து, சனி, காலை 8.50

நிலவரம். ஆறில் நான்கு அரம் தேய்த்தேன். இரண்டு 24 மணியில் உப்பின. ஒன்று இரண்டாம் தடவை தேய்த்தபின் உப்பியது. நான்காவது உப்பி, நட்ட ஆறாம் நாள் நாற்றம். தோண்டிப் பார்த்தால் உள்ளே கூழ். முளைத்தது ஒன்று, 11ஆம் நாள். இப்போது 38 செ.மீ., இலை இல்லை. மற்ற இரண்டும் கெட்டியாக இருக்கின்றன, அசைவில்லை.


கொடிமலை · சனி, காலை 9.30

கூழானது: தேய்த்த இடம் எவ்வளவு பெரிசு? படம் போட்டால் சொல்லலாம். ஐந்து காசு அளவுக்குத் திறந்திருந்தால் காரணம் அதுதான். பச்சரிசி அளவு என்றது அதற்காகத்தான்.

அசையாத இரண்டையும் தோண்டாதீர்கள். கட்டைவிரலால் மேல் விளிம்பை அழுத்திப் பாருங்கள், உள்வாங்காமல் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறையுங்கள். மேல்மண் காய்ந்தபின் மட்டும் ஊற்றுங்கள்.


பாலிக்புலாவ் தோட்டம் · சனி, காலை 9.52

38 செ.மீ. வந்ததற்குக் கழி நட்டீர்களா? நுனி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் நடுங்கள். வலுக்கட்டாயமாகத் திருப்பிக் கட்டினால் குருத்து முறியும், இந்தப் பருவத்தில் அது வெண்டைக்காய் மாதிரி ஒடியும். தொட்டியைச் சுற்றி அடுப்புச் சாம்பலை ஒரு வளையமாகத் தூவுங்கள், நத்தைக்கு. மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும்.


தாமான்வீடு · சனி, காலை 10.05

கழி இன்னும் இல்லை. துணிக்கொடிக் கம்பியைப் பிடித்துவிட்டது.


பாலிக்புலாவ் தோட்டம் · சனி, காலை 10.07

இன்றைக்கே கழற்றுங்கள்.